தோல்கிடங்கு வளைவுக்குப் பதினொரு பிறந்தநாள்

கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் டெஸ் டிரான்டர் தன் பெண்டாட்டிக்கு ஒரு கோப்பை டீ போட்டுக் கொடுத்தவன் இல்லை. இப்போது ஒரு நாளைக்கு ஆறு தடவை போட்டான். பாலை அளவாக விட்டான். அவள் கேட்காமலே தட்டில் பிஸ்கட் வைத்தான். நோலீனுக்கு இடது காறை எலும்பு முறிந்து கை கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கியதால், காலையில் அவளுடைய சட்டைப் பொத்தானையும் அவனே போட்டுவிட்டான். சுத்தியல் பிடித்துக் காய்த்துப்போன அந்தத் தடித்த விரல்கள் சின்னப் பொத்தானோடு மல்லுக்கட்டுவதை அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். இந்த மனுஷனைப் போய் இத்தனை வருஷம் என்னென்ன திட்டியிருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வாள். பாவம், அவளுக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

பிப்ரவரி ஆரம்பம். மெல்பர்னைத் தாண்டியிருக்கிற கடற்கரை ஊர் கரிங்காவில் அது ஆளைப் பொசுக்குகிற கோடைக்காலம். உள்நாட்டுப் பக்கமிருந்து அடிக்கிற வடக்குக் காற்றில் செம்மண் பறந்து வந்து துவைத்துப் போட்ட துணியிலெல்லாம் அப்பிக்கொள்ளும். தகரக் கூரை மத்தியானத்தில் படபடவென்று வெடிக்கும். கடல் பக்கத்திலேயே இருந்தும் ஒரு பிரயோஜனமும் கிடையாது. ஊருக்கு இருக்கிற மூன்று டிராம் லைனில் ஒன்று ஓடவில்லை. துறைமுகத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற லைன் அது. நோலீன் பத்தொன்பது வருஷமாக ஓட்டிய லைன்.

ஒன்பது நாளைக்கு முன்னால், நாற்பத்தோரு டிகிரி வெயிலில், தோல்கிடங்கு வளைவில் அவள் ஓட்டிய டிராம் தடம் புரண்டது. வெளிப்பக்கத் தண்டவாளம் ரெண்டாக முறிந்து முன்சக்கரம் தரையில் இறங்க, வண்டி போய்ப் பூட்டிக் கிடந்த தோல்கிடங்கின் செங்கல் சுவரில் மோதியது. வண்டியில் வந்த பெரில் ஹட்சன் செத்துப் போனாள். எழுபத்தொரு வயது. உட்கார இடம் இருந்தாலும் உட்காரமாட்டாள். டிரைவருக்குப் பின்னாலிருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயாடியபடியே வருவாள். "நாலு தக்காளி உனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன் நோல், எறங்குறப்ப தர்றேன்" என்பதுதான் அவள் கடைசியாகச் சொன்னது.

வளைவுக்கு முன்னாலிருந்த பலகையில் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. வண்டிக்குள் வேகத்தைக் குறித்துக்கொள்கிற பெட்டியில் பத்தொன்பது என்று பதிவாகியிருந்தது. அந்த வளைவில் பதினைந்தில் போன டிரைவர் எவனாவது இருந்தால் கொண்டு வந்து நிறுத்துங்கள், பார்ப்போம். கம்பெனி அச்சடித்துக் கொடுத்த நேரத்துக்குள் ஆஸ்பத்திரி போய்ச் சேர வேண்டுமானால் பத்தொன்பதில்தான் போக வேண்டும். தாமதமாகப் போனால் மெமோ வரும். எல்லோரும் பத்தொன்பதில்தான் போனார்கள். நோலீனுக்கு அடியில்தான் தண்டவாளம் முறிந்தது.

ஒருநாள் ரொட்டி வாங்கலாம் என்று கடைக்குப் போனாள். பெரிலின் தங்கச்சி மேவிஸ் பால் அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நோலீன் திரும்பிப் போய்விடலாமா என்று யோசிப்பதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"கை வலிக்குதா?" என்றாள் மேவிஸ்.

"கொஞ்சம்."

"எங்கக்காவுக்கு வலிக்கல. அடையாளம் காட்ட என்னைத்தான் கூட்டிட்டுப் போனாங்க. செருப்பை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்."

"மேவிஸ், நான் வேணும்னு..."

"நாலு நிமிஷம் சீக்கிரம் போய் என்னத்தடீ அள்ளிக் கட்டப் போற நீ?"

கடையில் இருந்தவர்கள் தக்காளிச் சாஸ் பாட்டில்களை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் பாதிப் பேரைப் பத்தொன்பது வருஷமாக ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் ஏற்றி இறக்கியவள் அவள். நோலீன் ரொட்டி வாங்காமலே வீட்டுக்கு வந்து சமையலறை மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். டெஸ் பின்னால் வந்து நின்று முதுகைத் தடவிக் கொடுத்தான்.

"விடு கண்ணு. ஊரு இன்னிக்குப் பேசும், நாளைக்கு மறந்துரும்."

"நீ மட்டும் இல்லேன்னா நான் கடல்ல போய் விழுந்திருப்பேன் டெஸ்."

அவன் தடவிக்கொண்டே இருந்தான்.

மறுநாள் டிப்போ மேலாளர் ட்ரெவர் கீஸ் வந்தான். கையில் பூங்கொத்து. பெட்ரோல் பங்க்கில் வாங்கியது, காகிதம்கூடப் பிரிக்கவில்லை. மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"கை எப்படி இருக்கு நோலீன்?"

"கை கெடக்கு. வேலை இருக்கா இல்லியா, அதைச் சொல்லு."

"அது என் கையில இல்லம்மா. மெல்பர்ன்லேர்ந்து ரயில் பாதுகாப்பு ஆபீஸ்காரங்க வந்திருக்காங்க. அரசாங்கம். அவங்க என்ன சொல்றாங்களோ அதுதான். கேஸ் போடுவாங்க போலத்தான் தெரியுது."

"யார் மேல?"

"பெட்டியில பத்தொன்பதுன்னு இருக்கே."

"தண்டவாளம் உடைஞ்சுது ட்ரெவர். என் காலுக்கு அடியில உடைஞ்சுது. சத்தம் கேட்டுச்சு எனக்கு."

"விரிசல் இருந்தது வாஸ்தவம்தான். இல்லேங்கல. ஆனா அது ஜனவரி பன்னெண்டாம் தேதிதான் புதுசாக் கண்டுபிடிச்சது. மாத்துறதுக்கு இருபத்தெட்டு நாள் கெடு. விபத்தன்னிக்குப் பதினோரு நாள்தான் ஆச்சு. சட்டப்படி தண்டவாளம் சரியாத்தான் இருந்திச்சு."

"சரியா இருந்தது எப்படிய்யா ரெண்டா முறியும்?"

"வேகம்."

"நாலு கிலோமீட்டர்லயா?"

"நாலோ நாப்பதோ. பலகைன்னா பலகைதான?"

டெஸ் தொட்டிப் பக்கம் திரும்பி நின்று கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். தண்டவாளம் நடந்து பார்க்கிறவன் அவன்தான். இருபத்தாறு வருஷமாக நீளச் சுத்தியலும் மஞ்சள் சாயக்குச்சியுமாக லைன் முழுக்க நடப்பான். விரிசல் கண்டால் பக்கத்தில் மஞ்சளில் கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டு, தாளிலும் எழுதிக் கையெழுத்துப் போடுவான்.

"நீ சொல்லேன் டெஸ். நீதான அதைப் பார்த்தே?"

"புதுசாத்தான் இருந்திச்சு கண்ணு," என்றான் அவன், திரும்பாமல். கழுவிய கோப்பையையே மறுபடியும் கழுவினான்.

புதன்கிழமை அவளை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நூலகத்து மாடியில் ஒரு அறையை எடுத்து வைத்திருந்தார்கள். பாதுகாப்பு ஆபீஸ்காரி பெயர் மிரியானா. நாற்பது வயதிருக்கும், ஒல்லி, கத்தாத குரல். நோலீனுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு ஒரு போட்டோவை நீட்டினாள். முறிந்த தண்டவாளத்தின் வெட்டுமுகம்.

"இதைப் பாருங்க. இந்த ஓரம் மட்டும் பளபளன்னு இருக்கு. அன்னிக்கு உடைஞ்சது அவ்வளவுதான். மீதி முக்கால்வாசி கறுத்துத் துருவேறிக் கெடக்கு. எப்பவோ விட்ட விரிசல். பதினோரு நாள்ல இப்படித் துரு ஏறாது."

"அப்போ நான் சொன்னது சரிதான?" நோலீன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"உங்க வேகம் வேகம்தான். அதை என்னால அழிக்க முடியாது. ஆனா இது பழைய விரிசல்னு தெரிஞ்சே ஓட்ட விட்டிருந்தா, கதையே வேற." மிரியானா தாள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினாள். "போன மார்ச் பத்தாம் தேதி. அதே வளைவு, அதே இடம், விரிசல் ஒண்ணு. இருபத்தேழாம் நாள், 'தேய்த்துச் சரிசெய்தாகிவிட்டது'ன்னு மூடியிருக்காங்க. மறுநாளே அதே இடத்துல 'புதிய விரிசல்'. அதுவும் இருபத்தேழு நாள். மூடியாச்சு. மறுபடி புதுசு. மொத்தம் பன்னெண்டு தாள். எதுவுமே கெடு தாண்டல."

எல்லாத் தாளின் அடியிலும் ஒரே கையெழுத்துதான். நோலீன் அதைப் பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"ஒருத்தர் பேர் சொல்லாம போன் பண்ணினாரு," என்றாள் மிரியானா. "'பிறந்தநாள்னா என்னான்னு கேட்டுப் பாருங்க'ன்னு சொல்லிட்டு வச்சிட்டாரு. உங்களுக்கு ஏதாவது புரியுதா?"

நோலீன் தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

கேக். நாலு வாரத்துக்கு ஒரு திங்கட்கிழமை. "ஷெட்டுல பிறந்தநாள் கண்ணு, நல்ல ஸ்பாஞ்சா ஒண்ணு போட்டுக் குடு" என்பான் டெஸ். அவளும் ஞாயிறு முழுக்க நின்று முட்டை அடித்து, நடுவில் கிரீம் வைத்து, மேலே பாஷன்பழச் சாறு விட்டுக் கொடுத்தனுப்புவாள். "கேங்கில இருக்கறதே ஆறு பேரு. இந்த வருஷம் எத்தனை தடவைடா பொறப்பீங்க?" என்று ஒருதரம் கேட்டாள். "தோல்கிடங்குக் கிழவிக்கு" என்றான். அங்கே யாரோ கதியற்ற விதவை இருக்கிறாள், ஆண்பிள்ளைகள் சேர்ந்து அவளுக்குச் செய்கிறார்கள் என்று நினைத்து, அடுத்த கேக்குக்கு மேலே 'நூறாண்டு வாழ்க' என்று சர்க்கரையில் எழுதி அனுப்பினாள். ஷெட்டில் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள் என்று வந்து சொன்னான். விரிசல் ஒவ்வொரு தடவை புதிதாய்ப் பிறந்தபோதும் அவள்தான் கேக் செய்து கொடுத்திருக்கிறாள். பதினொரு கேக்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள்.

மிரியானா அவளை நன்றாகப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை வாங்க. யோசிச்சிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்தபோது டெஸ் கொல்லையில் தக்காளிச் செடிகளைக் குச்சியில் கட்டிக்கொண்டிருந்தான். வெயில் சுவரில் பட்டுத் தகித்தது.

"தோல்கிடங்குக் கிழவி யாருடா?"

அவன் கையிலிருந்த நூல் அப்படியே நின்றது.

"கேக்குறேன்ல? யாரு அவ?"

"சொல்லிட்டாளா அந்த ஆபீஸ்காரி?"

"அவளுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். கேக் செஞ்சவ நான்தான?"

டெஸ் தலைகீழாய்க் கிடந்த வாளிமேல் உட்கார்ந்தான். "புதுத் தண்டவாளத் துண்டு கப்பல்ல வருது, கப்பல்ல வருதுன்னாங்க நோல். வளைவுக்குன்னு தனியா வார்க்கணும் அதை. ஜூன்ல வரும்னாங்க. அப்புறம் ஆகஸ்ட்டுன்னாங்க. இருபத்தெட்டு நாள் தாண்டினா கம்ப்யூட்டர்ல சிவப்பு விழும். சிவப்பு விழுந்தா லைனை மூடிருவாங்க. ட்ரெவர்தான் சொன்னான், பழசை மூடிட்டுப் புதுசாத் திறன்னு. கம்பி பிரஷ்ஷால மஞ்சக் கோட்டைத் தேய்ச்சுட்டுப் புதுத் தேதி போட்டேன். எல்லா லைன்லயும் இதேதான். நான் ஒருத்தன் மட்டும் செய்யல."

"நான் ஒரு நாளைக்கு ஒன்பது தடவை அது மேல போனேன்."

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டுத்தான் ராத்திரி பக்கத்துல படுத்துக் கொறட்டை விட்டியா? 'அந்த எடத்துல மெதுவாப் போடீ'ன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலியா? பத்துல போயிருப்பேனே பாவி! மெமோ வந்தா வரட்டும்னு ஊர்ந்து போயிருப்பேனே! பெரில் இன்னிக்குத் தக்காளி பறிச்சிட்டு இருந்திருப்பா!"

"சொன்னா நீ யூனியன்ல போய்ச் சொல்லிருவ."

அவன் வாளியிலிருந்து சரிந்து மண்ணில் மண்டியிட்டு அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டான். அறுபது வயது ஆள், கேவிக் கேவி அழுதான்.

"எனக்கு ஜெயில் நோல். அஞ்சு வருஷம். நெஞ்சுல ரெண்டு ஸ்பிரிங் வச்சிருக்கு எனக்கு, உனக்கே தெரியும், உள்ள போனா நான் பொணமாத்தான் வருவேன். உனக்கு அப்படி இல்ல. லைசென்ஸ் போகும். பொம்பள, வயசாச்சுன்னு ஜட்ஜு விட்டுருவாரு. வேகமாப் போனேன்னு ஒத்துக்க. வேற ஒண்ணும் வேணாம். எனக்காகச் செய் கண்ணு."

ஈக்கள் வந்து மொய்த்தன. அவன் மண்டையின் நடுவில் முடி உதிர்ந்த இடம் வெயிலில் சிவந்திருந்தது. இத்தனை நாளாய்ப் போட்ட டீயும் பொத்தானும் அவள் கண்முன் வந்தன. பயத்தில் வாயை மூடிக்கொண்டான், அது தப்புதான், ஆனால் நம்மேல் உயிரையே வைத்திருக்கிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"சரி, அழாத," என்று அவன் தலைமேல் கை வைத்தாள். "உள்ள வா. வெயிலு மண்டையப் பொளக்குது."

வெள்ளிக்கிழமை அவனே காரில் கூட்டிக்கொண்டு போய் நூலகத்து வாசலில் விட்டான். மாடியில் மிரியானா கேட்ட எல்லாவற்றுக்கும் நோலீன் மனப்பாடமாய்ப் பதில் சொன்னாள். வேகமாகப் போனேன். பலகையைப் பார்த்தேன். பிறந்தநாள் என்றால் பிறந்தநாள்தான், ஆம்பளைகள் கேக் தின்பார்கள், அதற்குமேல் தெரியாது. மிரியானா எல்லாவற்றையும் எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினாள். வாங்கிவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"உங்க மேல கேஸ் போடப் போறோம். அதனால உங்களுக்கு எதிரா யாராவது எழுதிக் கொடுத்திருந்தா, முடிக்கிறதுக்கு முன்னாடி அதை உங்களுக்குக் காட்டணும். ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. படிங்க."

ஒரு பக்கம்தான். தேதி ஜனவரி இருபத்தைந்து. நோலீன் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்தில் கிடந்த நாள்.

'என் மனைவி அந்த வளைவில் எப்போதும் வேகமாகவே ஓட்டுவாள். வீட்டில் நான் பலமுறை எச்சரித்திருக்கிறேன். கேட்கமாட்டாள். பிடிவாதக்காரி. அன்று காலை என்னோடு சண்டை போட்டுக்கொண்டு கோபத்தோடுதான் வேலைக்குப் போனாள். தண்டவாளத்தில் இருந்த விரிசல் புதியது. டெஸ்மண்ட் டிரான்டர்.'

அவள் ரெண்டு தடவை படித்தாள். விபத்தன்று காலையில் சண்டையே இல்லை. முட்டை பொரித்துக் கொடுத்துவிட்டு, அவன் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

"தண்ணி வேணுமா?" என்றாள் மிரியானா.

"நான் கையெழுத்துப் போட்டதை மாத்தலாமா?"

"மாத்தலாம். ஆனா ஒண்ணு சொல்லணும். நீங்க என்ன சொன்னாலும் உங்க மேல இருக்கற கேஸ் போகாது. இன்னும் கூடினாலும் கூடும். தெரிஞ்சே மறைச்சீங்கன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். பேனாவைக் குடு."

ஒரு மணி நேரம் எழுதினாள். இருபத்தெட்டு நாள் கெடு, கம்பி பிரஷ், மஞ்சள் சாயம், ட்ரெவர் சொன்னது, டெஸ் கொல்லையில் மண்டியிட்டுச் சொன்னது, கேக் எத்தனை, எந்தெந்தத் திங்கட்கிழமை. 'நூறாண்டு வாழ்க' என்று எழுதி அனுப்பினதையும் விடவில்லை. மிரியானா தேதிகளைத் தாள்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பதினொன்றும் பொருந்தின.

"டிப்போவுல கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு பத்திரம் மாட்டியிருக்கு," என்றாள் நோலீன், பேனாவை மூடாமல். "'ஒரு பழுதுகூடக் கெடு தாண்டவில்லை, பாராட்டுகள்'னு. மூணு வருஷம் தொடர்ந்து குடுத்தீங்க. அடியில யாரு கையெழுத்து?"

மிரியானா கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள். "என்னோடதுதான்."

"வருஷா வருஷம் வந்தியே. ஒரு தடவையாச்சும் குனிஞ்சு தண்டவாளத்தைப் பார்த்தியா?"

"தாள்ல தேதி சரியா இருக்கான்னு பாக்குறதுதான் என் வேலை."

"நல்ல வேலை," என்றாள் நோலீன். "கேக் சாப்பிட்டியா அப்போ?"

மிரியானாவின் முகம் வெளுத்தது. டிப்போவுக்குச் சோதனைக்கு வந்தவளுக்கு ட்ரெவர் காபியோடு கேக்கும் வைத்துக் கொடுத்திருக்கிறான். தின்றிருக்கிறாள். அவள் தலையைக் குனிந்துகொண்டு தாள்களை உறையில் போட்டு ஒட்டினாள்.

"திங்கட்கிழமை காலையில ஏழு மணிக்குப் போலீசும் எங்க ஆளுங்களும் உங்க வீட்டுக்கு வருவாங்க," என்றாள். "அதுவரைக்கும் அவர்கிட்ட இதைச் சொல்லக் கூடாது. உங்களால முடியுமா? வேற எங்கயாவது தங்குறதுன்னா ஏற்பாடு பண்றேன்."

"என் வீடு அது. நான் எதுக்கு வேற எங்கயாவது போகணும்?"

கீழே டெஸ் காரை யூக்கலிப்டஸ் நிழலில் நிறுத்திக் காத்திருந்தான். அவள் வருவதைப் பார்த்து ஓடி வந்து கதவைத் திறந்துவிட்டான். தூளி சிக்காமல் பெல்ட்டை மாட்டிவிட்டான். காகிதப் பையில் சூடாக இறைச்சி பப்ஸ் வாங்கி வைத்திருந்தான், அவளுக்குப் பிடித்த மாதிரி சாஸ் ஊற்றி.

"முடிஞ்சுதா கண்ணு?"

"முடிஞ்சுது."

"நான் சொன்ன மாதிரியே சொன்னியா?"

"ஒண்ணு விடாம எழுதிக் குடுத்துட்டேன்."

அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து ஒரு நிமிஷம் அப்படியே இருந்தான். நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது. "நீ தெய்வம்டி. சத்தியமாச் சொல்றேன். இதெல்லாம் ஓயட்டும், ஈஸ்டருக்கு ஒரு கேரவன் பிடிச்சு மில்டூரா போவோம். ஆத்தங்கரையில போட்டுட்டு ஒரு வாரம் சும்மா மீன் பிடிச்சுக்கிட்டு இருப்போம். என்ன சொல்ற?"

"போலாம்," என்றாள் நோலீன், பப்ஸைக் கடித்துக்கொண்டே. நல்ல ருசியாக இருந்தது. முழுசையும் தின்றாள்.

"திங்கட்கிழமை லீவு சொல்லிடறேன். ரெண்டு பேரும் பத்து மணி வரைக்கும் தூங்குவோம்."

"தூங்க வேணாம். ஏழு மணிக்கெல்லாம் குளிச்சு நல்ல சட்டையாப் போட்டு ரெடியா இரு. ஆளுங்க வர்றாங்க."

"யாரு? டிப்போலேர்ந்தா?" அவன் முகம் மலர்ந்தது. "பாத்தியா, நான்தான் சொன்னேனே. இப்பவாச்சும் உன்னைப் பாக்கணும்னு தோணுச்சே அவனுங்களுக்கு."

"ஆமா," என்றாள் அவள். டெஸ் சீட்டியடித்துக்கொண்டே காரைக் கிளப்பினான்.